நெறி கட்டினால் காசமா, புற்றா?

கழுத்தோரம் ஒரு நெறி கட்டுகிறது. சொத்தைப் பல், தலையில் பேன் கடித்த புண், தொண்டைப் புண் என்று சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் அதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். இரண்டு வாரத்தில் நெறி வற்றிவிடும், பற்றுக்குப் பெயர் கிடைக்கும்.

வற்றாத நெறியும் உண்டு. வலிக்காது, ரப்பர் போல உருளும், மெதுவாகப் பெருக்கும். அது என்ன என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது: டி.பி. எனப்படும் காசநோயா, லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயா? விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்குகின்றன, "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்" என்ற சுவரொட்டி வாசகம் இந்த நோய்க்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்டமாலை முதல் ஹாட்ஜ்கின் வரை

கழுத்தைச் சுற்றி மணி கோத்தாற்போல் கட்டிகள் வருவதைச் சித்த மருத்துவம் கண்டமாலை என்றது. ஐரோப்பாவில் இதே கட்டியை அரசர் தொட்டால் குணமாகும் என்று நம்பி வரிசையில் நின்றார்கள். இரண்டுமே கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இட்ட பெயர்கள். அந்தப் பெயர்களுக்குள் காசநோயும் இருந்திருக்கும், புற்றும் இருந்திருக்கும். பிரித்துப் பார்க்கக் கருவி இல்லை.

1832-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் உடற்கூறு அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நெறியாக வீங்கும் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பெருத்து இறந்த ஏழு பேரைப் பற்றி எழுதினார். வெறுங்கண்ணால் பார்த்தே எழுதினார். 1865-ல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரைச் சூட்டினார். அதற்குப் பிறகு நுண்ணோக்கி வந்தது, குழப்பமும் வந்தது. 1898-ல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் இந்த நோய்க்கே உரிய பெரிய செல்களைக் கண்டு விவரித்தார். ஆனால் இது காசநோயின் ஒரு விசித்திர வடிவம் என்றே அவர் கருதினார். அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்குக் காசமும் சேர்ந்தே இருந்தது. 1902-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாரதி ரீட், இல்லை, இது வேறு நோய் என்று வாதிட்டார். இன்று ஆந்தைக் கண் போல இரண்டு கருக்களோடு தெரியும் அந்தச் செல் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று இருவர் பெயரையும் சேர்த்தே சுமக்கிறது.

1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்பவர் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருந்த ஹாட்ஜ்கினின் பழைய மாதிரிகளை நுண்ணோக்கியில் வைத்தார். எல்லாமே ஒரே நோய் இல்லை என்று தெரிந்தது. நோய்க்குப் பெயர் கொடுத்தவரே கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் பிரித்தறிய முடியாததை, புறநோயாளி வரிசையில் மூன்று நிமிடம் கிடைக்கும் மருத்துவர் பிரித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்போது லிம்போமா என்பது ஒரே நோயின் பெயரும் இல்லை. லிம்போசைட் என்ற வெள்ளையணு கட்டுக்கு அடங்காமல் பெருகும் அறுபதுக்கும் மேற்பட்ட நோய்களின் குடும்பப் பெயர் அது. ஹாட்ஜ்கின் வகை ஒரு கிளை, மற்றதெல்லாம் ஹாட்ஜ்கின் அல்லாதவை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2,773 ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களை வகைபிரித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு வேகமாக வளரும் பெருஞ்செல் பி வகை. மேலை நாடுகளில் அதிகம் காணப்படும், மெதுவாக நகரும் ஃபாலிகுலர் வகை இங்கே குறைவு.

"முதலில் டி.பி. என்றே நினை"

இது நம் நாட்டு விடை. இதைக் கேலி செய்வது எளிது, ஆனால் அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியர்கள். நுரையீரலுக்கு வெளியே வரும் காசத்தில் அதிகம் தாக்கப்படுவது நிணநீர்க் கணுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை கொடுத்தாலும் நோய் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அதன் பயனாக இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆறு மாத மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து கையருகே இருக்கிறது, நோய் பரவலாக இருக்கிறது. மாத்திரையைத் தொடங்கிப் பார்ப்போம் என்று மருத்துவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

எதிர்ப்பக்கத்துப் பயத்துக்கும் அளவு உண்டு. நெதர்லாந்தில் 1988-ல் வெளியான ஆய்வு ஒன்றில், காரணம் தெரியாத நெறியோடு குடும்ப மருத்துவரிடம் போனவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே புற்று இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அது நூற்றுக்கு நான்கு. அதனால் நெறி கட்டியவர் எல்லாரும் அலற வேண்டியதில்லை.

இந்த விடையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மாலைக் காய்ச்சல், படுக்கை நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது ஆகிய மூன்றும் காசத்துக்கும் உண்டு, லிம்போமாவுக்கும் உண்டு. நோயாளி சொல்லும் கதை எதையும் பிரித்துக் காட்டாது. அடுத்து, மாத்திரைக்கு நெறி கேட்கிறதா என்று பார்த்து நோயைத் தீர்மானிக்கும் முறை இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடியது. ஹாட்ஜ்கின் நோயில் காய்ச்சல் சில நாள் அடித்து, சில நாள் தானாக ஓய்வதுண்டு. அந்த ஓய்வு நாளில் மாத்திரை தொடங்கியிருந்தால் மாத்திரைதான் வேலை செய்தது என்று தோன்றும். மாறாக, உண்மையான காசக் கட்டியோ சரியான மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே தற்காலிகமாகப் பெருப்பதுண்டு.

இதோடு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. ஸ்டீராய்டு லிம்போமா செல்களைச் சில வாரங்களுக்குக் கரைத்துவிடும். கட்டி சுருங்கும், பசி எடுக்கும், வீட்டில் நிம்மதி வரும். அந்த நேரத்தில் சதை எடுத்துப் பரிசோதித்தால் உள்ளே படிக்க எதுவும் மிஞ்சியிராது. நுரையீரலுக்கு வெளியே வரும் காசம் பற்றி 2016-ல் வந்த இந்திய வழிகாட்டு நெறிமுறையும் நெறியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கவே சொல்கிறது. ஏட்டில் விவாதம் முடிந்துவிட்டது, நடைமுறையில் முடியவில்லை.

ஊசியா, கத்தியா?

ஊசி டெஸ்ட் என்று நாம் சொல்லும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனைக்கு மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம். ஓரிரு நாளில் முடிவு வந்துவிடும். காசத்துக்கு இது நல்ல கருவி. அதே ஊசியில் வந்ததை சிபிநாட் கருவியில் போட்டால் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரியும். அதனால்தான் ஊசியை முதல் படி என்று ஏற்பவர்கள் அதிகம். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரிதான்.

லிம்போமா விஷயத்தில் ஊசிக்கு எல்லை உண்டு. நோயை அடையாளம் காட்டுவது தனித்தனி செல் மட்டுமில்லை, செல்கள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்பதும்தான். பள்ளிபாளையத்துத் தறிக்காரரிடம் நான்கு நூலை உருவிக் கொடுத்து, இது வேட்டியா துண்டா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஹாட்ஜ்கின் நோயில் நிலைமை இன்னும் மோசம். கணு முழுக்க வேடிக்கை பார்க்க வந்த சாதாரண அணுக்களே நிறைந்திருக்கும். உண்மையான புற்றுச் செல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஊசி அதைத் தொடாமலே வெளியே வந்துவிடலாம். அதோடு சில லிம்போமாக்களைச் சுற்றி, காசத்தில் காண்பது போன்ற கிரானுலோமா என்ற திரட்டுகளும் உருவாவதுண்டு. ஊசியில் அந்தத் திரட்டு மட்டும் வந்தால், அறிக்கையில் "காசம் போலத் தெரிகிறது" என்று எழுதிவிடுவார்கள். எழுதியவர் மேல் பிழையில்லை. அவருக்குக் கிடைத்த நூலில் அவ்வளவுதான் இருந்தது.

முழுக் கணுவை எடுத்து அறுத்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே ஒரு குறிப்பு கிடைக்கும். காசக் கணுவின் நடுவே பாலாடைக்கட்டி போல வெளுத்து உதிரும் பகுதி இருக்கும். லிம்போமாக் கணு அறுத்த மீன் துண்டைப் போல வழவழப்பாக, சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரே சீராக இருக்கும். இது குறிப்புத்தான், தீர்ப்பில்லை. அந்தத் துண்டைப் பாதியாக்கி ஒன்றைப் பத்து சத ஃபார்மலின் திரவத்திலும், மற்றொன்றை வெறும் உப்பு நீரிலும் போட வேண்டும். முதல் பாதி புற்றுக்கான சோதனைக்கு, இரண்டாவது காசக் கிருமிக்கு. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும். அறுவைக் கூடத்தில் அரை நிமிட வேலை இது. அவசரத்தில் தவறிப்போவதும் இதுதான்.

ஃபார்மலின் பாதி பிறகு ஐ.எச்.சி. சாயச் சோதனைக்குப் போகும். சி.டி.20, சி.டி.30 என்று செல்லின் மேல்தோலில் உள்ள புரதங்களுக்குச் சாயம் ஏற்றி வகை பிரிப்பார்கள். வகை தெரியாமல் மருந்து இல்லை. அறுபது வகைக்கும் ஒரே சிகிச்சை என்ற காலம் போய்விட்டது.

நடுவழியும் ஒன்று உண்டு: ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் சதையை நீளத் துண்டாக எடுப்பது. வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் இருக்கும் கணுக்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும். 2014-ல் வந்த லுகானோ பரிந்துரைகள், முடிந்தால் முழுக் கணுவை எடு, முடியாவிட்டால் தடித்த ஊசி, முதல் நோயறிதலுக்கு மெல்லிய ஊசி மட்டும் போதாது என்று வரிசைப்படுத்தின. முழுக் கணு எல்லாருக்கும் வேண்டுமா, தடித்த ஊசியே பெரும்பாலோருக்குப் போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. படிக்கும் நோய்க்குறியியலாளரின் அனுபவத்தைப் பொறுத்து விடை மாறும் போலிருக்கிறது.

இதற்கு நடுவே "கத்தி பட்டால் பரவிடும்" என்ற பேச்சும் உண்டு. அது பிறந்த விதம் புரிகிறது. முற்றிய பிறகு பயாப்சி செய்துகொண்டவர் மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தால், ஊர் கத்தியைத்தான் நினைவில் வைத்திருக்கும். லிம்போமாவோ முதலிலிருந்தே உடல் முழுதும் சுற்றும் அணுக்களின் நோய். கணுவை வெட்டி எடுப்பதால் அது பரவுவதில்லை, வெட்டாமல் விட்டால் நிற்பதுமில்லை.

சீக்கிரம் என்றால் எத்தனை நாள்?

மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகியவற்றுக்கு நோய்க்குறி தெரியும் முன்பே முகாம் வைத்துச் சோதிக்க வழியுண்டு. லிம்போமாவுக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாலேயே லிம்போமா இல்லை என்றாகிவிடாது. எனவே "ஆரம்பத்திலேயே" என்ற சொல்லுக்கு இங்கே பொருள் வேறு.

ஒரு தரப்பு, காலம் முக்கியமே இல்லை, வகைதான் முக்கியம் என்கிறது. அவர்கள் கையில் வலுவான சான்று இருக்கிறது. மெதுவாக வளரும் ஃபாலிகுலர் வகையில், தொந்தரவு இல்லாதவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தாலும் பொறுத்திருந்து கொடுத்தாலும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று 2003-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மறுமுனையில், டெனிஸ் பர்கிட் 1958-ல் உகாண்டாக் குழந்தைகளின் தாடையில் கண்டு எழுதிய வகை ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியது. அதற்கு ஒரு வாரமும் தாமதம்தான்.

இன்னொரு சிக்கல், தாமதத்தை ஆராய்ந்தவர்களையே திணறடித்தது. வேகமாகப் பெருகும் நோய் வந்தவர் சீக்கிரம் மருத்துவமனைக்கு ஓடுகிறார். மெதுவாக வளரும் நோய்க்காரர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். முடிவுகளைக் கூட்டிப் பார்த்தால், தாமதித்தவர்களே அதிக நாள் வாழ்ந்தது போலத் தோன்றும்! தாமதம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. வெவ்வேறு நோய்களை ஒரே கூடையில் போட்டு எண்ணியதால் வந்த மயக்கம் அது.

மறுதரப்பின் வாதம் எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுகிறது. ஆயுளை மட்டும் அளக்காமல் சிகிச்சையின் சுமையையும் அளக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஹாட்ஜ்கின் நோய் ஓரிரு இடத்தில் மட்டும் இருக்கும்போது, சாதகமான நிலையில் இரண்டு சுற்று மருந்தும் குறைந்த அளவு கதிரும் போதும் என்று 2010-ல் ஜெர்மன் குழு காட்டியது. முற்றிய பிறகு பெரும்பாலும் ஆறு சுற்று வேண்டும். நான்காம் நிலையிலும் குணமாக வாய்ப்புள்ள புற்றுகளில் இதுவும் ஒன்று என்பது உண்மை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை வேறு. பெருஞ்செல் பி வகையில் இன்றைய நிலையான சிகிச்சை பத்தில் ஆறு பேரைக் காப்பாற்றலாம். யார் அந்த ஆறு பேர் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில் வயது, நோய் நிலை, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு ஆகியவற்றோடு நோயாளி எழுந்து நடமாடுகிறாரா என்பதும் ஒன்று. ஆறு மாதம் தவறான மாத்திரையில் இளைத்துப் போனவர் அந்த ஒரு கேள்வியிலேயே தோற்றுவிடலாம்.

காரணம் தேடிய விடைகள்

பூச்சிமருந்தா, சாயக் கழிவா என்று இந்தப் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியை, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவுடன் உள்ள தொடர்பின் பேரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் உறுதியான புற்றுக்காரணியாக வகைப்படுத்தியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் சில வகைகளில் பங்கு வகிக்கிறது. வயிற்றில் வரும் ஒரு வகைக்கு ஹெலிகோபேக்டர் கிருமி காரணமாகிறது. கிருமியை ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்தாலே அதில் பலருக்குப் புற்றும் அடங்கிவிடுகிறது. இவையெல்லாம் கூட்டத்துக்குப் பொருந்தும் விடைகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஏன் வந்தது என்று பெரும்பாலும் சொல்ல இயலாது.

எச்.ஐ.வி. மட்டும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது. 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் இந்தத் தொற்று அதிகமிருந்த மாவட்டங்களில் நாமக்கல் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசமும் அதிகம், லிம்போமாவும் அதிகம், இரண்டும் ஒன்றாகவே வரலாம். காசம் உறுதியாகிவிட்டது என்பதாலேயே லிம்போமா இல்லை என்று சொல்ல முடியாத இடம் அது.

சமவெளியில் நாள் எங்கே போகிறது

இந்தியாவில் 2020-ல் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா ஏறத்தாழ 36 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது என்பது உலகப் புற்றுநோய் கண்காணிப்பகத்தின் மதிப்பீடு. லட்சத்துக்கு இரண்டரைக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம் பேர், நாமக்கல்லில் 17.3 லட்சம் பேர். அந்தச் சராசரியை அப்படியே பொருத்தினால் இரு மாவட்டத்திலும் சேர்த்து ஆண்டுக்கு 130 பேருக்குக் குறையாது. இது என் கைக்கணக்குதான். ஆனால் ஒன்றைக் காட்டுகிறது: ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் லிம்போமாவைச் சந்திப்பார். காசத்தை அடிக்கடி சந்திப்பார். அவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

வசதியே இல்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரிலான அரசு மருத்துவக் கல்லூரி 1986 முதல் இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமுண்டு. பி வகை லிம்போமாக்களுக்குக் கொடுக்கும், எட்டாத விலையில் இருந்த ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் உள்நாட்டு மாற்று கொண்டுவந்த பிறகு அதன் விலையும் இறங்கியது.

இருந்தும் நாள் போகிறது. குமாரபாளையத்துத் தறித் தொழிலாளிக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர் மாதக்கணக்கில் வடமாநிலத்தில் இருக்கிறார். காய்ச்சலுக்கு ஒரு ஊரில் மாத்திரை, நெறிக்கு இன்னொரு ஊரில் ஊசி, ஒவ்வொரு மருத்துவருக்கும் அவர் முதல் நாள் நோயாளி. கொல்லிமலையிலிருந்து இறங்குபவர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, அறிக்கை வாங்க இன்னொரு முறை வர வேண்டும். இவையெல்லாம் உண்மையான தாமதங்கள். ஆனாலும் மிக நீண்ட தாமதம் நோயாளி மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தொடங்குகிறது என்பது என் மதிப்பீடு: திசு ஆதாரம் இல்லாமல் தொடங்கும் ஆறு மாத மாத்திரை. விழிப்புணர்வு ஊர்வலம் நோயாளியை வாசல் வரை கொண்டுவரும், அதற்கு மேல் அதால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னும் தீராதவை

மாத்திரை தொடங்கி எத்தனை வாரம் பொறுத்து மறுபடி சதை எடுப்பது? இரண்டு மாதம் என்று பலர் சொல்கிறார்கள், காசக் கட்டி தானாகவே பெருக்கும் வழக்கத்தை நினைத்தால் அந்த எல்லையிலும் சிலருக்கு வீண் அறுவை நேரும். ரத்தத்தில் மிதக்கும் புற்று மரபணுத் துணுக்குகளை வைத்து லிம்போமாவைக் கண்டறியும் முறை ஆராய்ச்சியில் இருக்கிறது. கத்திக்கு அது மாற்றாகுமா என்று இப்போதே சொல்வது அவசரம். ஒன்றை மட்டும் செலவில்லாமல் நாளைக்கே தொடங்கலாம். இரு மாவட்டத்திலும் லிம்போமா உறுதியாகும் ஒவ்வொருவரிடமும், இதற்கு முன் டி.பி. மாத்திரை சாப்பிட்டீர்களா, எத்தனை மாதம், கிருமி தெரிந்ததா என்று மூன்று கேள்வி கேட்டுப் பதிவு செய்வது. ஐந்து ஆண்டில் இந்த வாதத்துக்கு உள்ளூர்க் கணக்கே பேசும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. நான்கு வாரத்தைத் தாண்டியும் வற்றாத நெறி, காறை எலும்புக்கு மேலே தோன்றும் எந்த நெறியும், ஒருமுறை காட்டப்பட வேண்டியது. "காசம் போலத் தெரிகிறது" என்ற அறிக்கை கைக்கு வந்தால் கிருமி தெரிந்ததா என்று கேளுங்கள். சதை எடுத்திருந்தால், அதை மெழுகில் பதித்த சிறு கட்டை ஒன்று ஆய்வகத்தில் இருக்கும். அறிக்கைத் தாளோடு அந்தக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். வேலூரோ சென்னையோ எங்கே போனாலும் மறுபடி கத்தி வைக்காமல் அதிலிருந்தே வெட்டிப் பார்க்கலாம். அந்தக் கட்டை பல ஆண்டுகள் கெடாது.